இருநூற்றுப் பதினாலின் ஆக்சில்

கிழிந்த அட்டைகளை அவள் ஊசிநூலால்தான் தைப்பாள். பசை போட்டால் பூச்சி அரிக்குமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அட்டைக்கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் மாமியாரின் கட்டிலருகே உட்கார்ந்துகொள்வாள். அந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு.

நகராட்சிப் பேருந்துப் பணிமனையில் அவள் எழுத்தர். முதன்முதலாக வாங்கிய பன்னிரண்டு வண்டிகள் தொடங்கி இன்றுவரை வண்டிக்கு ஓர் அட்டை: வந்த நாள், மோதிய இடம், மாற்றிய எஞ்சின். வண்டிகளை அவள் 'அவன்' என்றுதான் சொல்வாள். "எழுபத்தொண்ணு இருக்கானே, மழைன்னா அவனுக்கு ஆகாது." ஓடாதென்று கழித்த வண்டிகளின் அட்டைகள் தனிக்கட்டு. அதை எதற்குத் தைக்கிறாய் என்று கேட்டேன். "அவன் செத்தாலும் அவனோட சாமான் இன்னொருத்தன்கிட்ட ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

போன ஞாயிறு, கழித்த எண்பத்தேழின் அட்டையில் ஊசி நின்றது. மடிப்புக்குள் பழைய ஃபோர்மன் எழுதியிருந்தார்: முன் ஆக்சிலில் விரிசல், வெல்டு வைத்தது, வேறு வண்டிக்குப் போடக்கூடாது. முன்சக்கரங்களைத் தாங்கும் அந்த ஆக்சில் போன மாதம் இருநூற்றுப் பதினாலுக்குப் போய்விட்டது. மாற்றியதைப் பதிந்தவள் அவளேதான். அன்று எண்பத்தேழின் அட்டையை அவள் பிரித்துப் பார்க்கவில்லை. இருநூற்றுப் பதினாலு தினமும் பள்ளிக்கூட மேட்டில் இறங்குகிற வண்டி.

இப்போதைய ஃபோர்மனுக்குப் போன் செய்தாள். புதன்கிழமை பார்க்கலாம் என்றாராம். "அட்டையப் பாத்து வண்டிய நிறுத்தினா ஊரே நடந்துதான் போகணும்மா." மேலதிகாரி போனை எடுக்கவேயில்லை.

ஓடக்கூடாத வண்டியின் முன்கண்ணாடியில் ஃபோர்மன் சாக்பீஸால் பெருக்கல்குறி போட்டுக் கையெழுத்திடுவார். அவரே அழிக்கும்வரை எந்த ஓட்டுநரும் அதில் ஏறமாட்டார். வேறு யாராவது போட்டால் வேலை போய்விடும் என்று, நான் கேட்காமலே, இரண்டு முறை சொன்னாள். மாமியாருக்குக் கொடுத்துமுடித்த மாத்திரையை மறுபடி எடுத்துவந்தாள். நான் வாங்கி வைத்தேன்.

மாமியார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு செத்தது?" என்றார்.

"இன்னும் யாரும் சாகல, அத்தே."

மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் வேலைக்குப் பணிமனை வழியாகத்தான் வந்தேன். முதல் வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இருநூற்றுப் பதினாலின் பம்பர்மேல் ஏறி நின்றிருந்தாள். கண்ணாடி முழுக்கப் பெருக்கல்குறி. ஓட்டுநர் சாவியோடு கீழே நின்றார். குறிக்கு அடியில் அவள் தன் முழுப்பெயரை எழுதினாள். பிறகு, அட்டையில் எழுதுவதுபோலவே, தேதியையும் போட்டாள்.