அண்ணன் கார்டில் தங்கை பெயர்

வீட்டுக் கடன் ஃபைலில் கையெழுத்துக்கு முந்தைய வாரம், கடன் கேட்டவர் பழைய பாக்கிகளை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டை இன்னொரு முறை பார்ப்பது வழக்கம். சான் ரமோனில் ஒரு சின்ன மார்ட்கேஜ் அலுவலகத்தில் லோன் ப்ராசஸராக நான் சேர்ந்த முதல் வருடம் அது. அப்படிப் பார்த்த ஒரு காலையில் வீட்டுக் கடன் கேட்டிருந்த ரேவதியின் கிரெடிட் ஸ்கோர், கடன் கிடைக்க வேண்டிய அளவுக்குக் கீழே விழுந்திருந்தது. வேறு யாருடைய ரிப்போர்ட்டையோ எடுத்துவிட்டேனோ என்று பெயரையும் பிறந்த தேதியையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். அவளுடையதுதான்.

ரேவதியும் கணவரும் அபார்ட்மென்ட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மகளைப் புதுப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. எனக்கும் டேகேர் போகிற வயதில் மகன்.

"என்னம்மா, முகம் இப்படி இருக்கு? பையனுக்கு மறுபடியும் காய்ச்சலா?" என்றார் என் மேலாளர் முரளி சார்.

ரிப்போர்ட்டைக் காட்டினேன். ஒரு கார்டில் பணம் கட்டத் தவறியதாகப் பதிவாகியிருந்தது. அது டல்லாஸில் இருக்கும் அவள் அண்ணனின் கார்டு. அவள் அதில் ஆத்தரைஸ்டு யூசர் மட்டும்தான்; கார்டைப் பயன்படுத்தலாம், பணம் கட்டும் பொறுப்பு அண்ணனுடையது.

ரேவதியை அழைத்தேன்.

"அந்தக் கார்டா? கல்யாணமாகி வந்த புதுசுல, ஸ்கோர் வரட்டும்னு அண்ணன் சேர்த்துவிட்டது. நான் ஒரு தடவைகூட ஸ்வைப் பண்ணதில்லைங்க!"

"நீங்க தொடலைன்னாலும் அண்ணன் கட்டினது, கட்டாதது ரெண்டுமே உங்க ரிப்போர்ட்ல வரும். பேங்குக்குச் சொல்லி உங்க பேரை எடுத்துட்டா அந்தக் கார்டு உங்க ரிப்போர்ட்லேர்ந்து போயிடும்."

ரேவதி மெதுவாகச் சொன்னாள். "அப்பா திருச்சியில ஐசியூல இருக்கார். அண்ணன் அங்கதான் ஓடிட்டிருக்கான். இந்த நேரத்துல பேரை எடுத்தா, அண்ணி என்ன நினைப்பாங்க? இவ கணக்கு பார்க்கறான்னு ஆகிடாதா?"

எனக்கு வேறொரு பயமும் இருந்தது. அவளுடைய சொந்தக் கார்டு, வேலை கிடைத்த பிறகு வாங்கியது. ரிப்போர்ட்டில் பழைய கணக்கு என்று இருந்ததே அண்ணன் கார்டுதான். அது போனால் ஸ்கோருக்குப் பலமாக இருந்த அத்தனை வருடச் சரித்திரமும் போகும். ஸ்கோர் இன்னும் விழுந்தால்? யோசனை சொன்னது நான்தானே?

"மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் இடி," என்றார் முரளி சார். "கணக்குப் போட்டுப் பார்த்தா எடுக்கறதுதான் நல்லதுன்னு வருது. ஆனா கேரண்டி கிடையாது. ரெண்டையும் சொல்லிடு. முடிவு அவங்களோடது."

சொன்னேன். ரேவதி அண்ணனையும் அதே அழைப்பில் சேர்த்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவின் சத்தம் கேட்டது. அவள் முடிப்பதற்குள் அவர் குறுக்கிட்டார்.

"ஐயோ, மாசாமாசம் தானா கட்டிடற மாதிரி ஆட்டோ-பேல போட்டிருந்தேனே! ஹாஸ்பிட்டலுக்குப் பணம் அனுப்பினதுல அக்கவுண்ட் காலியாகிடுச்சு போல. லூசு, இதுக்கு என் பர்மிஷன் எதுக்குடி? எடுத்துத் தொலை. உன் வீடு போச்சுன்னா அப்பா கண்ணு முழிச்சதும் என்னைத்தான் திட்டுவார்."

ரேவதி சிரிக்க முயன்று அழுதாள்.

பெயரை எடுத்ததற்கு வங்கியின் கடிதம் வாங்கி, ஸ்கோரை அவசரமாகத் திருத்தும்படி கிரெடிட் நிறுவனத்திடம் கேட்டோம். பதில் வந்தது. ஸ்கோர் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. தேவையான அளவை மயிரிழையில் தாண்டியது. ரேவதிக்கு வீட்டுச் சாவி கிடைத்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஃபைல் திறக்கிற முதல் நாளே, "இதில் எந்தக் கார்டு உங்களுடையது, எது மற்றவருடையது?" என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதில்லை, அதற்குப் பிறகு.

போன மாதம் என் கணவர், நியூஜெர்சியில் படிக்கிற தன் தம்பி கார்த்தியை, அவனுக்கும் ஸ்கோர் வரட்டும் என்று எங்கள் கார்டில் சேர்க்கலாம் என்றார். நான் தயங்கினேன்.

"அவன் செலவு பண்ணிடுவான்னு பயமா?"

"இல்லைங்க. நாம கட்டாம விட்டுடுவோமோன்னு பயம்."

சேர்த்தோம். அன்றே கார்த்தியைக் கூப்பிட்டேன். "எங்களுக்கு ஏதாவது ஆகி, கட்ட முடியாமப் போனா, அண்ணன் என்ன நினைப்பாரோன்னு பார்க்காதே. உடனே உன் பேரை எடுத்துடு."

"என்ன அண்ணி, சேர்க்கும்போதே டிவோர்ஸா?" என்று சிரித்தான்.

"சிரிக்காதே. எடுப்பேன்னு சொல்லு," என்றேன். அவன் சொல்லும்வரை போனை வைக்கவில்லை.