மேட்டு நிலத்துத் தூசி

லவேர்ன் கோப்கே என் சித்தி மகன். அல்வீனா சித்திக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் ஒமாஹாவில் இறைச்சிக்கூட வேலைக்குப் போனான், பெண் டகோட்டா பக்கம் வாழ்க்கைப்பட்டாள், நிலத்தோடு நின்றவன் இவன்தான். வாய் கொஞ்சம் நீளம். ஊர் விவசாயிகள் கூடுகிற தானியக் கிடங்கில் காப்பிக்கு உட்கார்ந்தால், "கவர்மெண்ட் காசுல ரொட்டி திங்கிறவனுக்குக் கை எதுக்குடா?" என்று ஆரம்பித்துவிடுவான்.

அந்த வருடம் வசந்தத்தில் மழை விடவில்லை. ஈரத்தால் விதைக்க முடியாத நிலத்துக்கு அரசாங்கம் மானியம் கொடுத்தது. லவேர்னின் ஓடைக்கரை வயல் நிஜமாகவே முழுகிக் கிடந்தது. ஆனால் ரோட்டோர மேட்டு நிலம் ஒரே வாரத்தில் காய்ந்துவிட்டது. அவனுக்கோ அப்போதே மார்வலி. டிராக்டரில் ஏறினால் மூச்சு வாங்கும். அதை வெளியே சொல்லக் கூசி, மேட்டு நிலமும் ஈரம்தான் என்று ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டான். எல்டாவிடம், கட்டின பெண்டாட்டியிடம்கூட, மூச்சு விடவில்லை. பணமும் வந்து சேர்ந்தது.

பிறகு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன். வீடு திரும்பிய சனிக்கிழமையே நாலு டிராக்டர் மேட்டு நிலத்தில் இறங்கின. முன்னால் அவன் சகலை டுவேன், எல்டாவின் தங்கை புருஷன். எங்கள் பக்கம் ஒருவன் படுத்துவிட்டால் அவன் நிலத்தை மற்றவர்கள் விதைத்துக் கொடுப்பார்கள். அவனைக் கேட்டுவிட்டுச் செய்கிற வழக்கமில்லை.

நாங்கள் பெண்கள் வேலியோரம் மேஜை போட்டு, பன்றித்தொடை வைத்த ரொட்டியும் உருளைக்கிழங்குக் கலவையும் பரப்பினோம். டிராக்டர் திரும்பும்போதெல்லாம் புழுதி வந்து அப்பியது.

"எல்டா, மூடி வைம்மா! இல்லேன்னா கிழங்குலயும் சோயா முளைக்கும்!" என்று டுவேன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எல்டா நன்றியில் அழுதுகொண்டே மூடினாள்.

அப்போதுதான் லவேர்ன் வந்தான். வீட்டுச் செருப்போடு, தையல் பிரியாமலிருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த தலையணையை மார்போடு அணைத்தபடி, டிராக்டருக்குக் குறுக்கே போய் நின்றான்.

"சகல, நிறுத்து. இந்த நிலம் ஈரம்னு எழுதிக் குடுத்துப் பணம் வாங்கிட்டேன்."

டுவேன் இறங்கினான். முழங்கை வரை வெள்ளைத் தூசி. அதைப் பார்த்தான், லவேர்னைப் பார்த்தான்.

"யாரு, நீயா?"

"நான்தான்."

எல்டாவின் கையிலிருந்த மூடி அப்படியே நின்றது.

"பாதி விதைச்சாச்சே. மிச்சத்தை என்ன பண்ண?"

"முடிச்சிரு. திங்கக்கிழமை என்னைய ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போ. திருப்பிக் கட்டணும். காரோட்டக் கூடாதுன்னுட்டான் டாக்டர்."

"சரி" என்றான் டுவேன், அவ்வளவுதான்.

விதைத்து முடித்துச் சாப்பிட வந்தார்கள். லவேர்ன் மேஜைக் கோடியில் உட்கார்ந்து, யாராவது அவன் சொன்ன ரொட்டிப் பேச்சை அவனுக்கே திருப்பிச் சொல்வார்கள் என்று காத்திருந்தான். சொல்லியிருந்தால் தேவலை. ஒருவரும் சொல்லவில்லை. டுவேன் ஒரு தட்டில் ரொட்டியை வைத்து அவன் முன்னால் நகர்த்தினான். அவனால் தொட முடியவில்லை.

திங்கட்கிழமை போய்க் கட்டிவிட்டு வந்தான். அந்த வருடம் மேட்டு நிலத்தில் சோயா இடுப்பளவு நின்றது. லவேர்ன் மட்டும் அறுப்பு முடியும்வரை அந்த ரோட்டில் போகவில்லை. கிடங்குக்குக்கூட ஓடைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போவான்.