சின்னவள் சொன்னால் மட்டும்

எங்கள் வீட்டுக்கு நாங்கள் இரண்டு மருமகள்கள். நான் பெரியவள். கொழுந்தனாரின் மனைவி சின்னவள். மாமனார், மாமியார் காலமான பிறகு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வயலை ஒட்டியிருக்கும் அந்த வீட்டில் என் கணவர், நான், எங்கள் மகள், சின்னவள் என்று நான்கு பேர்தான். கொழுந்தனாருக்குச் சிங்கப்பூரில் வேலை.

சின்னவள் கல்யாணத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் படிப்பைப் பற்றி யாரும் பேசியதில்லை. மாவரைப்பாள், துணி மடிப்பாள், நான் சொன்னதைச் செய்வாள். கொரோனா வந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

ஊரடங்கு போட்ட மறுநாளே அவள் வாசல் கேட்டுக்குள் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தாள். வயலுக்குப் போனவர் மோட்டார் கொட்டகையிலேயே குளித்துவிட்டு வர வேண்டும். உடுத்தியிருந்த துணி நேரே சோப்புத் தண்ணீருக்குப் போக வேண்டும். செருப்பு படியேறக் கூடாது. கடையிலிருந்து வருகிற காய்கறி மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் கிடந்த பிறகுதான் அடுப்படிக்குள் வரலாம். இவ்வளவையும் அவள் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். அதிகாரமே இல்லை.

என் கணவர் கேட்டுக்கொண்டார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த மனிதரிடம் நான் கெஞ்சிய காரியம் ஒன்றுதான். சேற்றுக் காலோடு கூடத்துக்கு வராதீர்கள் என்பது. ஒரு நாளும் கேட்டதில்லை. "சேறு என்ன அசிங்கமா? அதுலேர்ந்துதானே சோறு வருது" என்று சொல்லிக்கொண்டே அடுப்படி வரை நடப்பார். நான் பின்னாலேயே குனிந்து துடைத்துக்கொண்டு போவேன். அதே மனிதர் இப்போது முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஈரத் தலையோடு வாசலில் நின்று, "உள்ள வரலாமாம்மா?" என்று சின்னவளிடம் கேட்டார்.

"நான் சொன்னா மட்டும் உங்க காதுல விழாதா?" என்றேன் அவர் உள்ளே வந்ததும்.

"அது ஆஸ்பத்திரி விஷயம் தெரிஞ்ச பொண்ணு. அது சொன்னா கேக்கணும்ல."

அன்று மத்தியானம் அவருக்கு அப்பளம் பொரிக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

மகளும் அந்தக் கட்சிதான். நான் கை கழுவினால் பக்கத்தில் நின்று, "விரல் இடுக்குலயும் தேய்ம்மா. சித்தி சொல்லியிருக்காங்கல்ல" என்பாள். நான் கபசுரக் குடிநீர் காய்ச்சி ஆளுக்கொரு டம்ளரில் ஊற்றி வைத்தால் ஆறிப்போய்க் கிடக்கும். சின்னவள் வந்து, "அக்கா கஷ்டப்பட்டுப் போட்டிருக்காங்க, குடிச்சிடுங்க" என்று சொன்ன பிறகுதான் டம்ளர்கள் காலியாகும். அவள் எனக்காகத்தான் சொன்னாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெண்கள் கூப்பிட்டால், நான் எட்டிப் பார்த்ததும், "சின்னவ இல்லையா?" என்று கேட்டார்கள். முன்பெல்லாம் வடகத்துக்கு உப்பு அளவு கேட்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. மறு வருஷம் கோடையில் நிலைமை மோசமானது. ஊரில் இரண்டு வீடுகளில் சாவு விழுந்தது. யாரும் போய்த் துக்கம் விசாரிக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் என் கணவர் கோடை நெல்லை அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, முறை வருவதற்காக நாலு பேரோடு அங்கேயே காத்துக் கிடந்தார். திரும்பி வந்ததும் உடம்பு வலி என்றார். அப்புறம் காய்ச்சல். பரிசோதனையில் கொரோனா என்று வந்துவிட்டது. வீட்டிலேயே தனியாக இருந்தால் போதும், மூச்சுத் திணறினால் உடனே வாருங்கள் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

கொல்லைத் தாழ்வாரத்தை ஒட்டிய அறையைச் சின்னவள் ஒழித்துக் கொடுத்தாள். கொல்லைப் பக்கத்துக் கழிவறை அவருக்கு மட்டும் என்றாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அக்கா, மாமாவுக்குச் சாப்பாடு நான் கொண்டுபோய் வெச்சிடுறேன். நீங்க அந்தப் பக்கம் வர வேண்டாம்."

"ஏன்?"

"உங்களுக்குச் சுகர் இருக்கு. உங்களுக்கு வந்துட்டா தாங்காதுக்கா."

"என் புருஷனுக்கு நான் சோறு போடக் கூடாதா? அதைச் சொல்ல நீ யாருடி?"

அறைக்குள்ளிருந்து இருமலோடு அவர் குரல் வந்தது. "அந்தப் பொண்ணு சொல்றதைக் கேளேன்."

கேட்டேன். வேறு என்ன செய்ய? நான் சமைத்தேன். அவள் இரண்டு மாஸ்க்கும் கையுறையும் மாட்டிக்கொண்டு தட்டை எடுத்துப் போனாள். திரும்பி வந்து, "குழம்பு நல்லா இருக்குன்னு மாமா சொன்னாங்கக்கா" என்பாள். என் சமையலைப் பற்றி என் புருஷன் சொல்வதை இன்னொருத்தி வாயால் கேட்க வேண்டியிருந்தது. அடுப்பு மேடையைத் துடைப்பேன்.

அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் முதுகு தெரியும். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டுகிற மெஷினை முக்காலியில் வைத்துவிட்டு விலகி நிற்பாள். அவர் எடுத்து மாட்டிக்கொண்டு, தெரிகிற எண்ணைச் சொல்வார். "தொண்ணூத்தஞ்சா? நல்லா இருக்கு மாமா. குப்புறப் படுத்துக்குங்க" என்பாள். எனக்கு அந்த எண்ணின் மேல்கூடப் பொறாமையாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்பதைத் தவிர, என் கணவர் தம்பி மனைவியிடம் நேருக்கு நேர் பேசுகிறவரே இல்லை. காபி வேண்டுமென்றால்கூட, "சின்னவகிட்ட சொல்லு" என்று என்னிடம்தான் சொல்வார். அப்படிப்பட்டவர் அந்த அறைக்குள் உட்கார்ந்து அவளிடம் கதை பேசிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அங்க என்ன சிரிப்பு?" என்று அவள் வந்ததும் கேட்டேன்.

"டிராக்டர் சேத்துல மாட்டுன கதையச் சொன்னாங்கக்கா."

அந்தக் கதையை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு முறைகூடச் சிரித்ததில்லை. அன்று அந்தக் கதை என்னிடமிருந்து யாரோ பிடுங்கிக்கொண்டு போன பொருளைப் போல இருந்தது.

மறுநாள் மத்தியானம் தட்டில் சோறு போட்டு, கத்தரிக்காய் சாம்பார் ஊற்றி, நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முகத்தில் முந்தானைதான். கூடத்தைத் தாண்டும் இடத்தில் சின்னவள் குறுக்கே வந்து நின்றாள்.

"தட்டைக் குடுங்கக்கா."

"வழிய விடு."

"விட மாட்டேன்."

அவள் என்னை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்கு நடுவுல ஒரு சுவர்தான்க்கா. எனக்குக் கடல். ரெண்டு வருஷமா அவுங்களை நேர்ல பாக்கல. போன வருஷம் அங்க அவுங்களுக்கும் இதே காய்ச்சல் வந்துச்சு. ஒரு ரூம்ல இத்தனை பேர்னு அடைச்சு வெச்சிருந்தாங்க. யாரு சோறு குடுத்தா, யாரு தண்ணி குடுத்தா, எதுவும் எனக்குத் தெரியாது."

கொழுந்தனாருக்குக் காய்ச்சல் வந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. "ஏன் சொல்லல?" என்றேன்.

"மாமா தாங்க மாட்டாங்க. நீங்களும் அழுவீங்க."

தட்டு என் கையிலேயே இருந்தது. போன வருஷம் அடுப்படியில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்த காலைகளை நினைத்துப் பார்த்தேன். அவள் கண் கலங்கியதை நான் வெங்காயம் என்றே நினைத்திருந்தேன்.

"மாஸ்க் எப்படிப் போடணும்? காட்டு" என்றேன்.

தட்டை வாங்கி மூடி வைத்துவிட்டு, என்னைக் குழாயடிக்குக் கூட்டிப் போனாள். குழந்தைக்குக் கழுவுவதைப் போல என் கையைக் கழுவிவிட்டாள். வளையலை மேலே ஏற்றச் சொன்னாள். இரண்டு மாஸ்க் மாட்டி, மூக்குக்கு மேல் கம்பியை அழுத்தினாள். "முக்காலியில வெச்சுட்டுத் தூண் வரைக்கும் பின்னால வந்துடணும். ரூமுக்குள்ள போகக் கூடாது" என்றாள். சரி என்றேன்.

தட்டை வைத்துவிட்டுத் தூணோடு நின்றேன். கதவு திறந்தது. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தார்.

"நீயா?"

"நான்தான். சாப்பிடுங்க."

நிலைப்படிக்கு உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாம்பார் எப்படி இருக்கு?" என்றேன்.

"ஒண்ணும் தெரியல. உப்பு, புளிப்பு, வாசனை எதுவும் தெரியல. படுத்ததுலேர்ந்தே இப்படித்தான்."

"அப்புறம் தினமும் நல்லா இருக்குன்னு எதுக்குச் சொல்லி அனுப்புனீங்க?"

"நான் எங்க சொன்னேன்?"

திரும்பிப் பார்த்தேன். சின்னவள் முதுகைக் காட்டிக்கொண்டு கதவுக் கைப்பிடியைச் சோப்புத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு என் பொறுப்பு, மற்ற வேளை அவள் பொறுப்பு என்று ஆனது. காய்ச்சல் விட்டது. இருமல் மட்டும் ரொம்ப நாள் இழுத்தது. அவர் அறையை விட்டு வெளியே வந்த அன்று மகள் அழுதாள். நானும் சின்னவளும் படுக்கை விரிப்புகளை வெந்நீரில் அலசி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பிழிந்தோம். எங்களுக்கு யாருக்கும் நோய் வரவில்லை.

விமானங்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் கொழுந்தனார் வந்து சேர்ந்தார். இனி சிங்கப்பூர் வேண்டாம் என்று தஞ்சாவூரிலேயே ஒரு வேலை தேடிக்கொண்டார். சின்னவளையும் பழைய பரிசோதனை நிலையத்தில் கூப்பிட்டுக்கொண்டார்கள். இரண்டு பேரும் அங்கே வீடு பார்த்தார்கள்.

அவர்கள் கிளம்பிய அன்று என் கணவர் கார் பக்கத்தில் போய் நின்று, "போயிட்டு வாம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் எத்தனை முறை பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். இந்த மனிதர் ஒரு நாளும் கலங்கியதில்லை. சுருக்கென்றது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலைக் கார் ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தேன்.

"பாட்டிலை நல்லாத் துடைச்சீங்களாக்கா?" என்றாள்.

"வெந்நீர்ல கழுவி, வெயில்ல காய வெச்சுதான் போட்டிருக்கேன். போ" என்றேன்.