பன்னிரண்டாவது பெயர்

கோபம் உடம்புக்குக் கெடுதல் என்கிறார் டாக்டர். அவர் எங்கள் கல்லூரியில் வேலை பார்த்ததில்லை.

அறுபதுகளில், கூடைப்பந்து ஆடுவதற்காகத் திருவனந்தபுரத்து அரசு அலுவலகம் ஒன்று எனக்குக் குமாஸ்தா வேலை கொடுத்தது. ஆரியசாலையில் மிளகாய் மண்டி வைத்திருந்த அப்பாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "பந்த வளையத்துக்குள்ள போட்டா கவர்மெண்டு சம்பளம் தருதாக்கும்? வெளங்கிரும் நாடு" என்பார். பதின்மூன்று வருஷம் தந்தது. என் மேசையிலிருந்த ஃபைல்களை நான் தொட்டதில்லை. அவையும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. ஒன்றாம் தேதி காலையில் போய், மாதம் முழுவதற்கும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவேன். டீமில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். இன்னும் விடியாத நாட்களுக்கெல்லாம் சாட்சி சொன்னவன் நான். கையெழுத்து என்பது பார்க்காமல் போடுவது என்று என் வலது கை அங்கேதான் பாடம் படித்தது.

முழங்கால் போனதும் அலுவலகம் ஃபைலைத் திறக்கச் சொன்னது. பயந்து ராஜினாமா செய்தேன். ஒரு தனியார் கல்லூரி என்னைக் கோச்சாகக் கூப்பிட்டது. வருஷா வருஷம் மே மாதம் புதுப்பிக்கிற தற்காலிக வேலை. சிமெண்டுத் தரையும் சற்றே தலைகுனிந்த இரண்டு வளையங்களும் என் ராஜ்யம்.

அந்த ராஜ்யத்தில் ஆட்டக்காரன் என்று சொல்லத்தக்கவன் ஒருவன்தான். போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளியின் மகன். ஆறடி மூன்று அங்குலம். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து எந்தப் பக்கம் விழும் என்பது பந்துக்குத் தெரியும் முன் அவனுக்குத் தெரியும். என் பழைய அலுவலகத்தில் உயரமான ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். யுனிவர்சிட்டி டீமில் ஆடிய சான்றிதழ் இருந்தால் வேலை. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியைப் பார்த்துத்தான் யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுப்பார்கள். அவனுக்கு அது கடைசி வருஷம்.

போட்டிக்குப் பன்னிரண்டு பெயர்கள், கீழே கோச் கையெழுத்து. ஒரு சாயங்காலம் எங்கள் தலைமைக் குமாஸ்தா, கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர், படிவத்தோடு மைதானத்துக்கே வந்தார்.

"ஒரு கையெழுத்து போட்டுடுங்கோ சாரே. பேரெல்லாம் நான் டைப் அடிச்சுக்கறேன். உமக்கெதுக்கு சிரமம்?"

பன்னிரண்டு வரிகளும் காலி. ஒரு கையில் விசில், மறு கையில் பேனா. போட்டேன். பெயர்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வேலை முடிந்தது என்று மகிழ்ச்சியாக விசில் வேறு ஊதினேன்.

போட்டிக்கு முந்தின நாள் பட்டியல் அறிவிப்புப் பலகைக்கு வந்தது. பதினோரு பெயர்கள் நான் கொடுத்தவை. பன்னிரண்டாவது, நிர்வாகக் குழுப் பொருளாளரின் அக்கா மகன். மைதானத்தை அவன் சைக்கிள் நிறுத்தும் இடமாக மட்டுமே அறிந்தவன். விளையாட்டுக்காரர்களுக்குப் பரீட்சையில் கிரேஸ் மார்க் உண்டு; மாமாவுக்கு அது வேண்டியிருந்தது. போனக்காட்டுக்காரன் பெயர் எங்கும் இல்லை.

குமாஸ்தாவைப் பிடித்தேன். "பிரின்சிபால் சொன்னார், அடிச்சேன். டைப்ரைட்டருக்கு பாஸ்கட்பால் தெரியுமா சாரே?" என்றார்.

பிரின்சிபால் அறையில் பத்து நிமிஷம் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பட்டியலின் அடியில் விரலை வைத்து, "ஒப்பு தன்றெயல்லே?" என்று மலையாளத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கையெழுத்து உன்னுடையதுதானே? படித்த மனிதர். அதற்கு மேல் ஒரு வார்த்தை வீணாக்கவில்லை.

போட்டி நடத்துபவர்களிடம் ஓடினேன். "வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டேன்னு எழுதிக் கொடுங்க, லிஸ்டைத் தள்ளிடுறோம். கூடவே உங்க டீமும் வெளியே போயிடும், பரவால்லையா?" என்றார்கள். பதினோரு பேரை நினைத்து வாயை மூடினேன். மறுநாள் அந்தப் பதினோரு பேரையே மறந்தேன்.

அதாவது, கோபத்தில் பொருளாளர் வீட்டுப் பிள்ளையை முதல் ஐவரில் இறக்கினேன். முன்வரிசை நாற்காலியில் பிரின்சிபாலும் பொருளாளரும் இருந்தார்கள். பார்க்கட்டும் என்றுதான். அந்தப் பையன், "எனக்கு வேண்டாம்னு மாமாகிட்ட சொன்னேன் சார்" என்றான். "போடா உள்ளே" என்றேன். முதல் பந்து மூக்கில் பட்டது. இரண்டாவதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எதிரணி வளையம் எது என்று விசாரித்தான். பொருளாளர் கை தட்டினார். ஐந்து நிமிஷத்தில் அவர்கள் பதினாலு, நாங்கள் இரண்டு.

பார்வையாளர் கேலரியிலிருந்து போனக்காட்டுக்காரன் இறங்கி வந்தான்.

"சார், அவன வெளிய எடுங்க. நம்ம பயலுவ தோக்கானுவ."

"தோக்கட்டும்டா! நல்லாத் தெரியட்டும் எல்லாருக்கும்!"

"ஒங்க கோவத்துக்கு அவனுவ என்ன சார் செய்வானுவ?"

எடுத்தேன். ஆறு பாயிண்டில் தோற்றோம். பெரிய மனிதர்களுக்கு எதிராக நான் நடத்திய போராட்டத்தில் காயம்பட்டவர்கள் என் பையன்கள் பதினோரு பேரும், ஒரு மூக்கும். பிரின்சிபால், "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

திங்கட்கிழமை போனக்காட்டுக்காரன் என்னிடம் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் விசாரித்து வைத்திருந்தான். வியாழக்கிழமை காலையில் யுனிவர்சிட்டி டீமுக்குக் கடைசி ட்ரயல். போட்டியில் விடுபட்டவனையும், கோச் காரணம் எழுதிக் கொடுத்தால் பார்ப்பார்கள்.

"நடந்தத அப்படியே எழுதிக் கொடுங்க சார். அது போதும்."

நடந்ததை அப்படியே எழுதினால் மே மாதம் எனக்கு வேலை இருக்காது. இருவருக்கும் தெரியும். "எழுதறேண்டா" என்றேன்.

நான் நாலு புத்தகம் படித்தவன், அதுதான் வினை. திங்கள் இரவு மூன்று பக்கம் எழுதினேன். பிரின்சிபாலைக் கிழித்த கிழியில் எனக்கே பெருமையாக இருந்தது. செவ்வாயன்று அடைமொழிகளைக் குறைத்தேன். புதனன்று, நிர்வாகத்தை உள்ளீடற்ற பந்துக்கு ஒப்பிட்டு ஒரு வரி சேர்த்து, மலிவாகப்பட்டதால் அடித்தேன். 'பெயர்கள் இல்லாத தாளில் கையெழுத்துப் போட்டேன், இவன் என் அணியின் முதல் ஆட்டக்காரன்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரி மட்டும் எந்தப் பிரதியிலும் இல்லை. நடை சரியாக வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயத்துக்கு நடை என்று பெயர் வைக்க என்னைப் போன்றவனால்தான் முடியும்.

புதன் சாயங்காலம் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றான்.

"எழுதியாச்சா சார்?"

"இன்னும் கொஞ்சம் சரிபண்ணணும். நாளைக்குத் தரேன்."

"நாளைக்குக் காலைல ட்ரயல் சார்."

"தெரியும்டா."

"தெரியும், இல்ல?" என்றான். 'சார்' சேர்க்கவில்லை. போய்விட்டான். பரீட்சைக்கும் அவன் வரவில்லை. விதுராவில் லாரிக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றுகிறான் என்று பிறகு ஒரு பையன் சொன்னான்.

அந்த மே மாதமும் என் வேலையைப் புதுப்பித்தார்கள். பிரின்சிபால் எழுந்து நின்று கை நீட்டினார். குலுக்கினேன்.