ரெண்டு வலது சப்பாத்து

காளியம்மாக்காவுக்கு வயசு அறுபத்திரெண்டு. முட்டிக்கு வயசு தொண்ணூறு. வாய்க்கு மட்டும் இன்னும் இருவது தாண்டல. மலேசியாவுல ஈப்போ புந்தோங் பிளாட்டு அஞ்சாம் மாடியில நின்னு அக்கா யாரையாச்சும் கூப்பிட்டுச்சுன்னா கீழ நிக்கிற காரெல்லாம் பயந்து அலாரம் அடிக்கும்.

பொறந்தது ஆத்தோர ரப்பர் தோட்டம். மூணாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு பால் வாளிய தூக்குச்சு. ரப்பர் மரத்த வெட்டிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டப்போ, டவுனுக்கு வந்து பதிமூணு மாடி ஆபீஸ் கட்டடத்துல கூட்டுற வேலைக்குச் சேந்துச்சு. அங்க லிப்ட் ஓடுன நாள விட கெட்டுப்போன நாளுதான் அதிகம். முப்பது வருசமா ஏறுன படிய மேல மேல அடுக்குனா நிலாவுக்கே போயி, கைமறதியா தொடப்பத்த விட்டுட்டு வந்து, திரும்பவும் போயிருக்கலாம். முட்டி போனது அப்படித்தான்.

இப்ப அக்காவுக்கு மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமைதான் திருவிழா. பிளாட்டுக்காரங்க பன்னெண்டு பேரு சேந்து ஆத்தோரமா எட்டு கிலோமீட்டர் நடப்பாங்க. மொதல்ல கம்போங்குன்னு சொல்ற மலாய்க்காரங்க கிராமம், அப்புறம் செம்பனைக் காடு, அதுக்குள்ள பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலு, அதத் தாண்டி மாடு மேயிற பெரிய புல்லுவெளி, கடைசியில பாலம். பாலத்தடியில, சாப்பாட்டுக்கடை வச்சிருக்கிற மதார் சாகிப் வேனும் சோத்துப் பானையுமா காத்துக்கிட்டு இருப்பாரு.

நடைக்குத் தலைவரு யுகேந்திரன். முப்பத்தெட்டு வயசு. கையில ஒரு வாட்ச்சு. அது அவன் நடைய எண்ணும், நெஞ்சுத் துடிப்ப எண்ணும், சும்மா விட்டா பக்கத்து வீட்டுக்காரன் துடிப்பையும் எண்ணும். அவன் போட்ட ரூல் ஒன்னு இருக்கு. யார் கடைசியா வர்றாங்களோ அவுங்க அடுத்த மாசம் நடக்கக் கூடாது. வேன்ல உக்காந்து, கொரங்கு வராம சோத்துப் பானைக்குக் காவல் இருக்கணும்.

ரெண்டு மாசத்துக்கு முந்தி கடைசியா வந்தது காளியக்கா. போன மாசம் வேன்ல உக்காந்துச்சு. வேன் மெயின் ரோட்டுல போறது, கோயிலு பக்கம் எட்டிக்கூட பாக்காது. அதுகூட பரவால்ல. மேல் மாடி சரளா கோயில்ல கும்பிட்டுட்டு வந்து சொன்னதுதான் தாங்கல.

"முனியாண்டிகிட்ட சொல்லிட்டேன்கா. காளியக்காவுக்கு முட்டி சரியில்ல, அதான் வரலன்னு."

"சாமிகிட்ட போயி என் முட்டியப் பத்தி கோள் சொல்லிட்டு வந்தியா நீ?"

ரெண்டு நாளு சரளாகிட்ட பேசல. அக்கா ரெண்டு நாளு பேசாம இருந்தது சரித்திரத்துலயே அப்பத்தான்.

இந்த மாசம் கெளம்பறப்போ யுகேந்திரன் சிரிச்சுக்கிட்டே சொன்னான். "அக்கா, இன்னிக்கும் கடைசின்னா இனிமே ஒங்களுக்கு நிரந்தரமா வேன்தான். பானைக்கும் ஒங்களுக்கும் நல்லா ஒத்துப்போவுது."

"நீ மொதல்ல ஒன் காலப் பாரு தம்பி. போன மாசம் சப்பாத்து வாயப் பொளந்துகிட்டு வந்தவன்தானே நீ."

உண்மைதான். அவன் மினுமினுன்னு போட்டிருந்த சப்பாத்து சேத்துல மாட்டி ரெண்டா பிரிஞ்சு போச்சு. அவனுக்காக எல்லாரும் நின்னு ஒன்னா வந்து சேந்ததால, போன மாசம் கடைசி ஆளுன்னு யாரும் இல்லாம போச்சு. அதப் பாத்துட்டு அக்காதான் ஓடர் போட்டுச்சு: எல்லாரும் தோட்டத்துல போடுற கருப்பு ரப்பர் சப்பாத்து வாங்கணும், சேத்துல கவ்வும், மழையில தானா கழுவிக்கும், பேரன் காலம் வரைக்கும் ஒழைக்கும். அக்காவே கடைக்குப் போயி பன்னெண்டு ஜோடி அள்ளிக்கிட்டு வந்துச்சு. எல்லாம் ஒரே கருப்பு, ஒரே மாடல். அளவு நம்பர் மட்டும் அடியில எறும்பு கிறுக்குன மாதிரி இருக்கும். வழியில கோயில் இருக்கு, வாசல்ல எல்லாரும் கழட்டிப் போடணும்ங்கிறது பன்னெண்டு பேருல ஒரு மண்டைக்கும் ஒறைக்கல.

கோயிலு வரைக்கும் அக்கா நடுவுல நடந்துச்சு. கம்போங்ல ரம்புத்தான் விக்கிற மலாய்க்கார அம்மா மக்சிக்கிட்ட நலம் விசாரிச்சு, ரெண்டு பழம் ஓசியில வாங்கித் தின்னும் நடுவுலயேதான் இருந்துச்சு. கோயில் வாசல்ல சப்பாத்து மல மாதிரி குமிஞ்சுது. உள்ள கும்பிட்டுக்கிட்டு இருக்கறப்போ வானம் கருத்து ஒரு இடி இடிச்சுது.

"மழை வருது, கெளம்புங்க. கடைசி ஆளுக்கு வேன்," னு யுகேந்திரன் மொத ஆளா ஓடுனான். கெடச்சத மாட்டிக்கிட்டு பறந்தான். பின்னால மத்தவங்க தேடிப் பிடிச்சு மாட்டிக்கிட்டு ஓடுனாங்க. அக்கா மட்டும் சூடத்தோட சண்ட போட்டுக்கிட்டு இருந்துச்சு. மூணு குச்சி அணைஞ்சு நாலாவதுதான் பத்துச்சு. ஒரு மாசம் வராத பாக்கிக்கு ரெண்டு சூடம்.

வெளிய வந்து பாத்தா ரெண்டே ரெண்டு சப்பாத்து. ரெண்டும் வலது.

ஒன்னு ஏழு, அது அக்காவோடது. இன்னொன்னு எட்டு. எட்டு வாங்குனது ஒரே ஒரு ஆளு.

வாசல்ல சரளா கொடையோட நின்னுச்சு. "அக்கா, நான் கூட வரட்டா?"

"நீ போ சரளா. நின்னா நீயும் வேன்தான்."

"வெறுங்காலோட எப்படிக்கா?"

"பொறந்தப்போ சப்பாத்து போட்டுக்கிட்டா வந்தேன்?"

ரெண்டு சப்பாத்தையும் கயித்துல முடிஞ்சு கழுத்துல மாலையாட்டம் போட்டுக்கிட்டு எறங்குச்சு. மழை கொட்டுச்சு. ஆத்துல இருந்த மீனெல்லாம் கரைக்கு ஒதுங்குற அளவுக்கு மழை. ஆனா ஒரு அதிசயம், படியில அழற முட்டி, சேத்துல மெத்துமெத்துன்னு சந்தோசமா போச்சு. ரெண்டு அட்டை கால்ல ஏறி, ருசி பாத்துட்டு, உப்பு ஜாஸ்தின்னு எறங்கிப் போயிருச்சு.

புல்லுவெளி பாதி தாண்டறப்போ ஒரு மதகு மேல ஆளு உக்காந்திருக்கு. சுத்தி நாலு மாடு நின்னு வேடிக்க பாக்குது. யுகேந்திரன்.

"என்ன தம்பி, வாட்ச்சு என்ன சொல்லுது?"

"சும்மா இருங்கக்கா. காலு ரெண்டும் ஒரே பக்கமா இழுக்குது. நேரா நடந்தா மாட்டுகிட்ட போயி நிக்குறேன். எல்லாரும் தாண்டிப் போயிட்டாங்க."

"ரெண்டும் இடது தம்பி. அதுல ஒன்னு என்னோடது."

குனிஞ்சு பாத்தான். அப்புறம் அக்கா கழுத்தப் பாத்தான். அப்புறம் மாட்டப் பாத்தான். மாடு வேற பக்கம் திரும்பிக்கிச்சு.

அக்கா எட்டக் கழட்டிக் குடுத்துச்சு, ஏழ வாங்கிக்கிச்சு. அவன் கால்ல மெதுவடை சைசுக்கு ஒரு கொப்புளம்.

"நீங்க போட்டுக்கலையா?"

"போட்டா வேகம் கொறையும்."

அவன் மெல்ல எந்திரிச்சான். "அக்கா, ஒன்னா போலாம். சேந்து போயி நின்னா கடைசி ஆளுன்னு யாருமே இல்ல."

"ரூல் போட்டது யாரு?"

"நான்தான்."

"நல்ல ரூல் தம்பி. மாத்தாத."

ஒரு குச்சிய ஒடிச்சு அவன் கையில குடுத்துட்டு அக்கா முன்னால நடந்துச்சு. பத்தடி முன்னால. திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. பதினஞ்சடி ஆனா நின்னுச்சு. அஞ்சடி ஆனா நடந்துச்சு. பாலம் வரைக்கும் அப்படியே.

பாலத்தடியில மதார் சாகிப் கரண்டியோட நின்னு எண்ணுனாரு. "காளியம்மா பதினொன்னு. தலைவரு பன்னெண்டு. தலைவரே, அடுத்த மாசம் நமக்குப் பேச்சுத் தொணை நீங்கதான்."

அடுத்த மாசம் எல்லா சப்பாத்துலயும் ஆளுக்கு ஒரு கலர் துணி கட்டியிருந்துச்சு. அக்காவோடது செவப்பு. வேன்ல யுகேந்திரன் பானைய மடியில வச்சு கொரங்க மொறச்சுக்கிட்டு இருக்கறப்போ போன் அடிச்சுது.

"தம்பி, பானை மூடிமேல கல்லு வச்சியா?"

"வச்சிருக்கேன்கா. எங்க இருக்கீங்க?"

"கோயில்லதான். முனியாண்டி ஒன்ன கேட்டாரு. கால் சரியில்லன்னு சொல்லிட்டேன்."