பிரித்துத் தைக்க முடியாதது

சூலியா தெருவில் தையற்கடை வைத்திருந்த நாகூர் மீரானுக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். ஆனால் அவர் கைவேலையைக் குறை சொல்ல ஊரில் ஆள் கிடையாது. பினாங்கிலிருந்த துரைமாரில் பாதிப்பேருக்கு அவர்தான் வெள்ளை டிரில் துணியில் கோட்டு தைத்தார். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டராக இருந்த ஹார்லன் துரைக்கும் அவர்தான்.

1926-ல் அவருடைய வலது கட்டைவிரலின் அடியில் ஒரு கட்டி கிளம்பியது. கத்தரிக்கோலைத் தொட்டாலே உயிர் போனது. அறுத்துத்தான் ஆகவேண்டும் என்றார்கள். மீரான் பயப்படவில்லை. முந்தைய வருஷம் அவர் மனைவி சுலைஹாவின் கழுத்துக் கட்டியை எடுத்தவர் ஹார்லன் துரை. அந்தத் தழும்பருகே விளக்கைப் பிடித்துப் பார்த்து, “இவரு தையக்காரனாப் பொறந்திருக்க வேண்டியவருடி” என்று மெச்சியவர் மீரான்.

“கைய உங்ககிட்டதான் குடுக்குறேன் துவான். வேற யாரும் தொடக்கூடாது” என்று துரையிடம் நேரிலேயே சொன்னார். துரை அவர் தோளைத் தட்டி, “நானே செய்கிறேன்” என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மீரான் மயக்கமருந்துக்கு மூக்கைக் கொடுத்தார்.

கட்டு அவிழ்த்தபோது ஏழு தையல் தெரிந்தது. மூன்று தையல் சதையைச் சுருக்கி இழுத்திருந்தன. மிச்சம் நான்கும் தாறுமாறு. சுலைஹாவின் கழுத்தைத் தைத்த கை இதில்லை என்று மீரானுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கட்டைவிரலை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை.

“யாரு தம்பி தச்சது?”

கட்டு அவிழ்த்த டிரெஸ்ஸர் பழனியப்பன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டான். “பழக வந்திருக்காரே சின்ன டாக்டர், அவருதாண்ணே. நரம்பும் அறுந்துபோச்சு. பெரியவரு கத்திய அவருகிட்ட குடுத்துட்டு முதல் வகுப்பு வார்டுக்குப் போயிட்டாரு. மூணாம் வகுப்புன்னா அப்படித்தான் லா. அவங்களும் எங்கயாச்சும் பழகணுமில்ல?”

பழகட்டுமே, யார் வேண்டாமென்றது? மீரானும் எத்தனையோ பேருக்குத் தொழில் பழக்கியவர்தான். புதியவன் கத்தரியை எடுத்தால் தண்ணீர் குடிக்கக்கூட இடத்தைவிட்டு எழமாட்டார். தப்பினால் பிரித்துத் தைக்கக்கூடிய துணிக்கே அவ்வளவு காவல். சின்ன டாக்டர் மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. தோளைத் தட்டிவிட்டுப் போனாரே, அவர் செய்தது பச்சைத் துரோகம். அதை நினைத்து நினைத்து மீரானுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு சுலைஹா மிஷினில் உட்கார்ந்தாள். பக்கத்தில் முக்காலி போட்டு மீரான் சொல்லிக்கொடுத்தார். இரண்டு மாதத்தில் ஹார்லன் துரையின் வேலைக்காரன் புதுக் கோட்டுக்குத் துணி கொண்டுவந்தான். கை எப்படி இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கோட்டை சுலைஹாதான் தைத்தாள். காலர் கோணிக்கொண்டது.

“பிரிச்சுடவாங்க?”

“இருக்கட்டும்” என்றார் மீரான். முப்பது வருஷத் தொழிலில் கோணல் தையலைப் பிரிக்க வேண்டாமென்று அவர் சொன்னது அன்று ஒருநாள்தான்.

கோட்டு போய்ச் சேர்ந்த நான்காம் நாள் துரையே கடைக்கு வந்துவிட்டார். கோட்டை மேசைமேல் எறிந்து மலாயில் கத்தினார்: “உன்னை நம்பித்தானே கொடுத்தேன்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பழகாத கையில் கொடுத்திருக்கிறாயே!”

தெருவே திரும்பிப் பார்த்தது. மீரான் எழுந்து வலது கையைத் துரையின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“கோட்டப் பிரிச்சுத் தச்சுக் குடுத்துடறேன் துவான். இத என்ன செய்யட்டும்?”

துரை விரலைப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை ஒரு விருந்து இருக்கிறது” என்றார். “வியாழனுக்குள் முடியுமா?”