பூவரசில் தூங்கிய நத்தைகள்

பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்களே, அந்தச் சமயத்தில் பிறந்தவள் நான் என்பாள் அம்மா. அப்படிப் பார்த்தால், சுதந்திரம் வந்த மறுவருஷம் இது நடந்தபோது எனக்கு ஆறு வயது இருக்கும். திருவொற்றியூர்க் குப்பத்தில் எங்கள் குடிசை கடலுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. அந்தக் கோடை முழுக்க நைனா கட்டுமரம் ஏறவில்லை. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். காய்ச்சலும் இருமலுமாகப் பாயோடு கிடந்தார். நானோ வாய் ஓயாதவள். அவர் சற்றுக் கண் அசரும் நேரமாகப் பார்த்துத்தான் எனக்குப் பாட்டு வரும். அதனால் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போகும் வேலை சித்தப்பா தலையில் விழுந்தது.

சித்தப்பா நைனாவுக்கு ஒரே தம்பி. கல்யாணம் ஆகாதவர். வாயைத் திறந்தால் பாதி புளுகு. அந்தப் புளுகைக் கேட்கத்தான் குப்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் அவர் பின்னால் திரிவோம்.

ஒருநாள் வீட்டுக்குப் பின்னால் நின்ற பூவரசு மரத்தடிக்கு என்னைக் கூட்டிப்போனார். அடிமரத்தில் கோலிக்குண்டு அளவில் நத்தைகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தார். கனமே இல்லை. அதன் வாயைக் காய்ந்த கஞ்சி ஆடை போல ஒரு மெல்லிய தோல் மூடியிருந்தது.

“செத்துப்போச்சு சித்தப்பா.”

“அப்டிலாம் சொல்லாதம்மே. வெயிலு தாங்காம கதவ சாத்திக்கினு தூங்குது. கூவினா ஏந்திரிக்காது. தண்ணி ஊத்தணும்.”

கொட்டாங்கச்சியில் அதை வைத்துத் தண்ணீர் தெளித்தார். ஒன்றும் நடக்கவில்லை. நான் சிணுங்கச் சிணுங்க, இன்னும் கொஞ்சம் தெளித்தார். எனக்குப் பொறுமை போய் எழுந்து நின்றபோது அந்தத் தோல் ஊறிப் பிரிந்தது. ஈரமாக ஏதோ ஒன்று உள்ளிருந்து வழிந்து வெளியே வந்தது. அப்புறம் கொம்புகள். கொம்பின் நுனியில்தான் அதற்குக் கண் என்றார் சித்தப்பா. அதையும் புளுகுக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஓடே இல்லாத நத்தை ஒன்றையும் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈரத்தில் காட்டினார். இதுக்கு மட்டும் ஏன் வூடு இல்ல என்று கேட்டேன்.

“கண்ணாலம் கட்டிக்கல இல்ல, அதான்.”

உள்ளே படுத்திருந்த நைனா இதைக் கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. சித்தப்பா எழுந்து உள்ளே ஓடினார்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு நத்தையை எழுப்புவதுதான் எனக்கு வேலை. ஒன்றுகூட என்னை ஏமாற்றியதில்லை.

ஒரு நாள் விடிந்தபோது வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அம்மா தலைவிரி கோலமாக நைனாவின் மார்பில் விழுந்து கதறிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமே இல்லை. நைனா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார், அவ்வளவுதானே. கூவினால் எழுந்திருக்க மாட்டார் என்பதுகூடத் தெரியாமல் இந்தப் பெண்கள் ஏன் இப்படிக் கத்துகிறார்கள் என்று எரிச்சலாகத்தான் இருந்தது.

பிறகு ஆண்கள் நைனாவைத் தூக்கிப்போய்த் தெருவில் ஒரு பெஞ்சின்மேல் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. விஷயம் தெரிந்தவர்கள் வந்துவிட்டார்கள். காலிடுக்குகளில் நுழைந்து முன்னால் போய் நின்றேன். சித்தப்பாதான் ஊற்றினார். தண்ணீர் தலையிலிருந்து வழிந்து மண்ணில் இறங்கியது. நான் நைனாவின் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போதும்ப்பா, வெயிலு ஏறுது” என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் துண்டை நீட்டினார்.

“இன்னும் ஊத்து சித்தப்பா, இன்னும் கதவு தெறக்கல” என்றேன்.

காலிக் குடத்தோடு சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு யார் கையிலிருந்தோ இன்னொரு குடத்தைப் பிடுங்கி ஊற்றினார். அதற்குப் பிறகும் ஒன்று. பெரியவர் வந்து கையைப் பிடித்து, “வுட்றா டேய்” என்றார். சித்தப்பா விட்டுவிட்டார். நைனாவைத் துடைத்து, வேட்டி கட்டி, தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதோடு சித்தப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். எல்லாருக்கும் நைனா போன துக்கம். எனக்கு அதோடு சித்தப்பா மேல் தீராத கோபம். ஒரு நத்தைக்காக மத்தியானம் முழுக்கக் குந்தியிருந்த மனுஷன், நைனாவை அவ்வளவு சீக்கிரம் கைவிட்டுவிட்டாரே! அவர் பொரிகடலை வாங்கிவந்து நீட்டினால் அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொள்வேன். நான் ஏன் முறுக்கிக்கொண்டேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நீ நினைத்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது.

ஐப்பசி மழை பிடித்தபோது பூவரசு நத்தைகள் யாரும் எழுப்பாமல் தாமாகவே இறங்கின. சித்தப்பா பின்பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

“வாம்மே, எல்லாம் எறங்கி வந்துகினு கீது. வந்து பாரேன்.”

நான் போகவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் மரத்தடியிலேயே நின்றிருந்தார். “நனையாத, உள்ள வாப்பா” என்று அம்மா இரண்டு தரம் குரல் கொடுத்தும் வரவில்லை. நன்றாக நனையட்டும் என்றுதான் நினைத்தேன். என் நைனா போனது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அதே நாளில் அவருடைய ஒரே அண்ணனும் போய்விட்டார் என்பது அப்போது எனக்குப் புத்தியில் படவே இல்லை.